இடது கையால் வந்த திருநீறு

பவுனம்மாள் எனக்கு ஓரகத்தி. அவள் மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்டவள், நான் இளையவருக்கு. செஞ்சிக் கோட்டைக்குப் போகிற ரோட்டில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் அவள் இருமினால் இந்தப் பக்கம் இருந்து நான் கஷாயம் வைக்கட்டுமா என்று கேட்பேன். அவளைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். நான் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டு, அப்புறம் யாருக்கு என்ன தோன்றுகிறதோ சொல்லிக்கொள்ளட்டும்.

மண்டகப்பட்டிலிருந்து வாழ வந்தவள். கல்யாணப் புடவையின் கசங்கல் போவதற்குள் நெல் கமிட்டிக்கு வேலைக்கு வந்துவிட்டாள். சுற்றுப்பட்டு விவசாயிகள் நெல்லைக் கொண்டுவந்து கொட்டி விற்கிற இடம் அது. அரசாங்கம் அதற்குப் பெரிய பெயராக வைத்திருக்கிறது, எங்களுக்குக் கமிட்டிதான். கொட்டின நெல்லைத் தூற்றுவதும் கூட்டி அள்ளுவதும் பெண்கள் வேலை. பவுனம்மாள் முறத்தைத் தூக்கினால் தூசு ஒரு பக்கம், நெல் ஒரு பக்கம் என்று பிரிந்து விழும். அவள் பக்கத்தில் நின்றால் கண்ணில் தூசு விழாது என்று அந்த இடத்துக்குப் போட்டி நடக்கும். வலது கை அப்படி ஒரு கை. வாயும் அப்படித்தான். ஒரு வியாபாரி, நெல்லில் பதர் நிறைய இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தான்.

"உன் பேச்சுல இருக்கிறதவிடவாய்யா?" என்றாள்.

அந்த ஆள் அன்றைக்கு முழுவதும் எங்கள் பக்கம் வரவில்லை.

அவளுக்கு மனிதர்கள் வேண்டும். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிடுவாள். அவசரமாகப் போகிறவளைக்கூட, என்னடி என் மூஞ்சி உனக்கு ஆகாதா என்று வம்புக்கு இழுத்து உட்கார வைத்துவிடுவாள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கை போனதைவிட அவளுக்கு ஆள் போனதுதான் பெரிசு. அது பின்னால் வருகிறது.

அவள் புருஷன் அதே கமிட்டியில் மூட்டை தூக்கினவர். ஒரு நாள் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்வை. வாயுப் பிடிப்பு என்று எல்லோரும் சொன்னோம். சோடா உடைத்துக் கொடுத்தார்கள், முதுகில் தட்டினார்கள், ஒருவர் பூண்டு உரித்துத் தின்னச் சொன்னார். நிழலில் சாக்கை விரித்துப் படுக்க வைத்தார்கள். வெயில் சாய்ந்த பிறகு எழுப்பப் போனார்கள், அவர் எழவில்லை. ஆஸ்பத்திரி அங்கிருந்து கூப்பிடு தூரம். படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியமாக இருந்தது.

அதற்கடுத்த மாசியில் மேல்மலையனூர் மயானக் கொள்ளைக்குப் போயிருந்தபோது அவள் மேல் அங்காளம்மன் வந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பம்பைச் சத்தம் கேட்டு உடம்பு உதறியது, கண் மேலே போனது, அவள் குரலே இல்லாத ஒரு குரல் வந்தது. அதை நான் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். இதில் என்னோடு யாரும் வாதாட வேண்டாம்.

அதிலிருந்து அமாவாசை தவறாமல் போவாள். அன்றைக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஸ்பெஷல் பஸ் வரிசையாக நிற்கும். நானும் எலுமிச்சம்பழக் கூடையோடு அதே பஸ்ஸில் ஏறுவேன், அங்கே எனக்கு அதுதான் வியாபாரம். கோயிலுக்கு வெளியே ஒரு வேப்பமரம், அதுதான் அவள் இடம். தங்கராஜ் பம்பை அடிப்பார். அம்மன் வருவாள். முன்னால் வந்து உட்கார்ந்து குறி கேட்பவர்களுக்கு வாக்குச் சொல்லி, தட்டிலிருந்து திருநீற்றை அள்ளி வலது கையால் நெற்றியில் அழுத்தி வைப்பாள். அவள் மகள் வசந்தா பின்னால் நின்று இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்வாள், விழுந்துவிடக் கூடாது என்று. வசந்தா அவளுக்கு ஒரே பெண். புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டதால் அம்மாவோடுதான் இருந்தாள், கமிட்டிக்கும் சேர்ந்தே போவார்கள்.

எங்களுக்கு இதில் ஒரு முறை உண்டு. அம்மன் வந்திருக்கிற உடம்பை அவளாக விட்டுப் போகிறவரைக்கும் தொட்டுத் தூக்கக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பேசுவது பவுனம்மாள் இல்லை, அம்மன். கடைசியில் கற்பூரத்தை ஏற்றி நாக்கில் வைத்தால் அம்மன் மலையேறிவிடுவாள். அப்புறம்தான் அது பவுனம்மாளின் வாய். கண்ணைத் திறந்ததும் டீ இன்னும் வரவில்லையா என்று சுற்றிலும் பார்ப்பாள். அதைக் கேட்டால் எல்லோருக்கும் சிரிப்பு வரும்.

நான் சொல்ல வந்தது ஆடி அமாவாசை அன்று நடந்தது. அன்றைக்குக் கூட்டம் சொல்லி முடியாது. காலையில் வெயில் ஏறுவதற்குள் அம்மன் வந்துவிட்டாள். ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்ததால் தங்கராஜ் கற்பூரம் ஏற்றவே இல்லை. இடையிடையே பம்பை நிற்கும், அவள் கண்ணை மூடி ஆடாமல் உட்கார்ந்திருப்பாள், அடுத்தவர் வந்ததும் மறுபடி அடிப்பார். மத்தியானத்துக்கு மேல் நான் மோர் எடுத்துக்கொண்டு போனேன். குடிக்கவில்லை. என் நெற்றியில் திருநீறு வைத்தாள். கட்டைவிரலால் அழுத்தினாள், எனக்குப் பின்மண்டை வரை உறைத்தது. வலது கைதான். நான் கூடைக்குத் திரும்பின சமயம், அன்னதானம் முடிந்தது, இலை எடுக்க ஆள் வரவும் என்று கோயில் மைக்கில் சொன்னார்கள்.

எனக்கு அடுத்து உட்கார்ந்தவள் மீனம்பாள். எங்களோடு கமிட்டியில் வேலை செய்கிறவள். அவள் மருமகள் முழுகாமல் இருந்தாள், அதற்கு முன்னால் ஒன்று தங்கவில்லை. இதாவது தங்குமா என்று கேட்கத்தான் வந்திருந்தாள். அவள் கேட்டதும் பவுனம்மாள் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. கொழகொழவென்று ஏதோ வந்தது. பிறகு வலது கையை மடியிலேயே போட்டுவிட்டு, இடது கையால் திருநீற்றை அள்ளி மீனம்பாளிடம் நீட்டினாள்.

சுற்றி நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். இடது கையால் பிச்சைக்காரனுக்குக்கூட யாரும் போட மாட்டார்கள். அம்மன் இடது கையால் கொடுக்கிறாள் என்றால் அவளுக்கு ஆகாதது ஏதோ நடந்திருக்கிறது. மீனம்பாளுக்கு வாங்கவும் பயம், வாங்காமல் எழுந்திருக்கவும் பயம். முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டு அழுதுகொண்டே ஓடினாள்.

வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அம்மன் கோபத்தில் கோணுகிறாள் என்றார்கள். பேச்சு புரியவில்லை. அம்மன் வேறு பாஷை பேசுகிறாள் என்றார்கள். கோபத்தைத் தணிக்க எலுமிச்சம்பழம் அறுத்தார்கள், என் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தது நான்தான். பூசணிக்காய் உடைத்தார்கள். தங்கராஜ் பம்பையை இன்னும் வேகமாக அடித்தார். வசந்தா பின்னால் நின்றதால் அவளுக்கு அம்மாவின் முகம் தெரியவில்லை. "தாயே, இன்னா குத்தம் பண்ணோம், சொல்லு தாயே" என்று அழுதுகொண்டே இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். உடம்பு வலது பக்கமாகச் சாயச் சாய அவள் இந்தப் பக்கம் இழுத்தாள்.

பிறகு புடவை நனைந்தது. பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஒரு பெண் போலீஸ் அதைப் பார்த்துவிட்டு உள்ளே புகுந்து, பம்பையை நிறுத்தச் சொன்னாள். தங்கராஜ் நிறுத்தவில்லை. அவள் பம்பையின் மேலேயே கையை வைத்துவிட்டாள். சத்தம் நின்ற பிறகுதான் பவுனம்மாளின் மூச்சு குறட்டை போல இழுப்பது எங்களுக்குக் கேட்டது. அந்தப் பெண்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். திருவிழாவுக்காக ஒன்று பக்கத்திலேயே நின்றிருந்தது, கூப்பிட்டதும் வந்துவிட்டது. நாங்கள் கூப்பிடாமல் இருந்த நேரம்தான் நீளம். வண்டிக்காரர்கள் பார்த்ததும் பக்கவாதம் என்று சொல்லி ஏற்றினார்கள். வசந்தா கூட ஏறினாள். எனக்கு இடமில்லை.

ஸ்கேன் எடுக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அங்கே நடந்ததை மறுநாள் வசந்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தலைக்குள் போகிற ரத்தக் குழாயை ஒரு ரத்தக் கட்டி அடைத்துவிட்டதாம். அதைக் கரைக்க ஊசி இருக்கிறதாம். ஆனால் வியாதி வந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், தாண்டிப் போட்டால் தலைக்குள் ரத்தம் கசிந்துவிடலாம். அதனால் டாக்டர் வசந்தாவிடம், கடைசியாக அம்மா எப்போது நன்றாகப் பேசினார்கள் என்று கேட்டிருக்கிறார். வசந்தா யோசித்துத்தான் பதில் சொன்னாள். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மரத்தடியில் உட்காரும்போது பேசினதுதான் அம்மா பேசினது. அதற்குப் பிறகு பேசினது அம்மன். அம்மன் மலையேறவே இல்லை, அம்மா திரும்பி வந்து டீ கேட்கவே இல்லை. அதனால் காலையில் என்றாள்.

டாக்டர் இன்னொரு தடவையும் கேட்டாராம். நன்றாகத் தெரியுமா, நடுவில் எப்போதாவது பேசினார்களா என்று. இல்லை, காலையில்தான் என்றாள். பொய் சொல்லவில்லை. எங்களில் யார் அங்கே நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். டாக்டர் மீதும் குற்றம் இல்லை, அவருக்கு வசந்தாவின் வாய் தவிர வேறு கடிகாரம் ஏது? ஊசி போடவில்லை. மற்ற வைத்தியம் பார்த்தார்கள். உயிர் தங்கியது. வலது கையும் காலும் பேச்சும் தங்கவில்லை.

வீட்டுக்கு அழைத்து வந்தோம். சாயங்காலமானால் வசந்தா அவளைத் தூக்கிக்கொண்டு வந்து வாசற்படியில் சுவரோடு சாய்த்து உட்கார வைப்பாள். தெருவில் போகிறவர்களைப் பார்க்கட்டும் என்று. அவள் பார்த்தாள். அவர்கள் பார்க்கவில்லை. இடது கையால் திருநீறு கொடுத்த கதை அமாவாசைக் கூட்டத்தோடே பஸ் ஏறி ஊருக்குள் வந்துவிட்டிருந்தது. ஏதோ தீட்டோடு பீடத்தில் உட்கார்ந்தாள், அம்மன் கையை எடுத்துக்கொண்டாள், வாக்கையும் பிடுங்கிக்கொண்டாள் என்றார்கள். அப்படிப்பட்டவளின் கண் பட்டால் நம்மையும் தொட்டுவிடும் என்று பயம். பவுனம்மாளின் முறத்துக்குப் பக்கத்தில் நிற்பதற்குப் போட்டி போட்டவர்கள் எதிர்ச்சாரியில் ஏறி நடந்தார்கள். மீனம்பாள் மருமகளைத் தாய்வீட்டுக்கே அனுப்பிவிட்டாள்.

பவுனம்மாள் இடது கையைத் தூக்கித் தூக்கிக் கூப்பிடுவாள். அந்தக் கையைக் கண்டாலே அவர்கள் இன்னும் வேகமாகப் போவார்கள்.

வசந்தாவுக்கு அதைத் தாங்க முடியவில்லை. கை வராது, பேச்சு வராது என்று டாக்டர் சொன்னபோது அழுதவள், இதற்கு அழவில்லை. ராத்திரி அரிசி களைந்துகொண்டே என்னிடம் சொன்னாள்: "சித்தி, வேற ஒன்னும் வேணாம் எனக்கு. நாலு பேரு வந்து அம்மாவாண்ட உக்காந்தா போதும்."

இர்பானா வந்தது அதற்குப் பிறகுதான். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற சைபுதீன் பாயின் பெண். முன்னால் ஆம்புலன்ஸில் நோயாளியோடு பின்னால் உட்கார்ந்து போகிற வேலை பார்த்தவள். மேடு பள்ளத்தில் முதுகு போய்விட்டது. இப்போது ஒரு மருத்துவக் கல்லூரிக்காரர்கள் செய்கிற ஆராய்ச்சிக்கு வீடு வீடாகப் போய்க் கேட்கிறாள். திருவிழாக் கூட்டத்தில் விழுந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள், போகிற வரைக்கும் யார் என்ன செய்தார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. ஆஸ்பத்திரிக்குள் நடப்பதெல்லாம் டாக்டர்களுக்குத் தெரியும், வாசலுக்கு இந்தப் பக்கம் நடப்பதுதான் யாருக்கும் தெரியாது என்றாள். எனக்கு அது பிடித்தது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

அவள் அம்மனைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பேன். வந்தது அம்மனா வியாதியா என்று கேட்கவே இல்லை. யார் யார் திருநீறு வாங்கினீர்கள், எந்தக் கையால் வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டாள். வசந்தாவுக்கு முகமே தெரியவில்லை, கை எங்கே தெரியும். நான் சொன்னேன். எனக்கு வலது கை, எனக்கு அடுத்தவளுக்கு இடது கை, நடுவில் மைக்கில் இலை எடுக்கக் கூப்பிட்டார்கள் என்று. பார்த்ததைப் பார்த்தேன் என்றுதானே சொல்ல முடியும்.

"எடையில வேற யாராவது வந்தாங்களா ஆயா?"

"வந்தா நான் பாத்திருக்க மாட்டனா? எலுமிச்சம்பழம் விக்கிறவ கண்ணு கூட்டத்து மேலதான்மா இருக்கும்."

தங்கராஜையும் போய்க் கேட்டிருக்கிறாள். அவர், பம்பை அடிக்கிறவன் முகத்தையா பார்ப்பான், தோலைத்தான் பார்ப்பான் என்றாராம். வியாதி என்று எழுதினால் இனி இந்தப் பக்கம் வராதே என்றும் சொல்லியிருக்கிறார். மீனம்பாள் கதவைத் திறக்காமலே, ஆமாம் இடது கைதான் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். கோயிலில் விசாரித்ததில் அன்னதானம் முடிந்தது மூன்று மணி வாக்கில் என்று தெரிந்தது.

இரண்டாவது தடவை இர்பானா வந்தபோது நான் சுவருக்கு இந்தப் பக்கம் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். விசாரித்ததையெல்லாம் வசந்தாவிடம் சொல்லிவிட்டு அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். ஆஸ்பத்திரியில் எந்த நேரம் என்று சொன்னீர்கள் அக்கா என்று கேட்டாள். வசந்தா காலையில் என்று சொன்னதைச் சொன்னாள். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். இர்பானா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கிளம்புகிற மாதிரி இருந்தாள். வசந்தா அவள் கையைப் பிடித்திருந்தாள்.

"நீ எதுக்குக் கைய கேட்ட, எதுக்கு நேரத்த கேட்டன்னு எனக்குத் தெரியுது. மூணு மணிக்குத்தான் வந்துதா அது?"

இர்பானா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய.

"மத்தியானம்னு நான் சொல்லியிருந்தா ஊசி போட்டிருப்பாங்களா?"

"போட்டாலும் எல்லாருக்கும் கை வந்துடாதுக்கா. சில பேருக்கு வரும். சில பேருக்கு ரத்தம் கசிஞ்சி உசுருக்கே ஆபத்தாவும்."

"நான் அத கேக்கல."

இர்பானா பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நேரம் இருந்துது அக்கா. போடலாமா வேணாமான்னு டாக்டர் யோசிச்சிருப்பாரு."

பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணை அன்றைக்கு நான் மனதுக்குள் திட்டினேன். ஆம்புலன்ஸில் எத்தனையோ பேருக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே போனவள்தானே, இங்கே ஒரு பொய் சொன்னால் என்ன? போகும்போது அவளே சொன்னாள், சொல்லாமல் போக நினைத்துத்தான் வந்தேன் ஆயா, கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும்போது முடியவில்லை என்று. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அன்றைக்கு வசந்தா அம்மாவுக்குச் சோறு ஊட்டும்போது சொன்னாள். பவுனம்மாளுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருந்தது. ஆமா. பசிக்கிறதா என்றாலும் ஆமா, பசிக்கவில்லையா என்றாலும் ஆமா. வேறு எது சொல்ல நினைத்தாலும் வாயில் அதுதான் வரும், அந்த வியாதி அப்படி என்று டாக்டரே சொல்லி அனுப்பியிருந்தார். எல்லாம் தெரிந்துதான் வசந்தா சொன்னாள்.

"அம்மா, தப்பு என்னுதுமா. நேரத்த நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

"ஆமா" என்றாள் பவுனம்மாள்.

வசந்தா தட்டைக் கீழே வைத்துவிட்டாள். பவுனம்மாள் தலையை ஆட்டி ஆட்டி, இடது கையால் மகள் கன்னத்தைத் தடவி, கண்ணில் தண்ணீர் வழிய, மறுபடி மறுபடி ஆமா, ஆமா என்றாள். இல்லை என்றுதான் சொல்ல வந்தாள் என்று நான் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வேன். வசந்தாவுக்கும் அது தெரியும். காதில் விழுந்தது என்னவோ விழுந்ததுதான்.

மறுநாள் காலையில், இதைக் கமிட்டியில் எல்லோரிடமும் சொல்லப்போகிறேன் என்றாள். எனக்கு வந்ததே கோபம். அம்மன் பேரில் இருக்கிற பழி அம்மனோடு இருக்கட்டும், அவள் எத்தனை பழியைத் தாங்கினவள், நீ எதற்கு அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்கிறாய் என்று கேட்டேன். அந்த இர்பானா ஊர் பேர் இல்லாமல் டாக்டர்களிடம் சொல்லிக்கொள்ளட்டும், அது போதாதா என்றேன்.

"பேரு இல்லாம சொன்னா அம்மாவாண்ட யாரு வருவாங்க சித்தி?" என்றாள்.

ஆனாலும் விடவில்லை, கமிட்டி வாசல் வரைக்கும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கூடப் போனேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வழக்கம் போல வசந்தாவுக்கு இந்தப் பக்கம் யாரும் இல்லை, நான்தான். அவள் தூக்குச்சட்டியைத் திறக்காமல் எழுந்து நின்றாள். சத்தமாகப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கும் சத்தமாகப் பேசவில்லை.

"எங்கம்மா கைய ஆத்தா எடுக்கல. தலையில ரத்தம் அடைச்சிக்கிச்சி. ஊசி போட நேரம் இருந்துது. எப்ப கடைசியா நல்லா பேசினாங்கன்னு டாக்டர் கேட்டாரு, நான் காலைலன்னு சொல்லிட்டேன். மத்தியானம்தான் வந்துருக்குது. தப்பு என்னுது. எங்கம்மாவ பாத்து யாரும் பயப்பட வேணாம்."

யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. தங்கராஜின் தங்கை ஒருத்தி அங்கே கூட்டுகிற வேலை செய்கிறாள், அவள் மட்டும், அம்மன் இல்லை என்கிறாயா என்று கேட்டாள். நான் பதில் சொன்னேன். காலையிலிருந்து மூன்று மணி வரைக்கும் அம்மன்தான், என் நெற்றியில் அழுத்தினது அம்மன் விரல்தான், அதற்குப் பிறகுதான் வியாதி என்றேன். இர்பானாவிடமும் இதையேதான் சொன்னேன், அவளும் சரி ஆயா என்று கேட்டுக்கொண்டாள்.

மீனம்பாள் கடைசியில் வாயைத் திறந்தாள். "அப்ப எனக்குக் குடுத்த துண்ணூறு?"

"வலது கை வரல. அதான் இடது கையால குடுத்துச்சி. உன்ன வெறுங்கையோட அனுப்ப அதுக்கு மனசு வரல" என்றாள் வசந்தா.

மீனம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாப்பாட்டு நேரம் முடிந்து நெல் தூற்றப் போனோம்.

அன்று சாயங்காலமே மீனம்பாள் வந்தாள். எதிர்ச்சாரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ரோட்டைத் தாண்டி வந்து, பவுனம்மாளின் காலடியில் உட்கார்ந்தாள். வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து ஒரு வெற்றிலையைத் துடைத்துப் பொடியாகக் கிள்ளி அவள் வாயில் வைத்தாள். மறுநாள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு வராமல் நின்றவர்கள், எதிர்ச்சாரியில் போனவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஒருத்தி தலை வாரிவிட்டாள். ஒருத்தி கமிட்டியில் நடந்த சண்டையை நடித்துக் காட்டினாள், பவுனம்மாள் கோணல் வாயோடு சிரித்தாள். எது சொன்னாலும் ஆமா என்கிறாள் என்று அவளிடமே எதிர்வீட்டுக்காரியைப் பற்றி வம்பு பேசி ஆமா வாங்கிக்கொண்டார்கள்.

வசந்தா கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பயம் எங்கும் போய்விடவில்லை, இடம் மாறிவிட்டது. பெற்ற தாய்க்கு நேரம் பார்த்துச் சொல்லத் தெரியாதவள் என்றார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டே நின்றாளே, கை விழுந்தது இவளுக்கா தெரியாது என்றார்கள். கொஞ்ச நாளில், ஊசி வேண்டாம் என்று இவளே சொல்லிவிட்டாளாம் என்று வளர்ந்துவிட்டது. கமிட்டியில் அவள் முறத்துக்குப் பக்கத்தில் இடம் காலியாகவே கிடந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் அவளைத் தாண்டிக்கொண்டு பவுனம்மாளிடம் போவார்கள். அவள் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிப்பார்கள், சொம்பைத் தரையில் வைப்பார்கள், கையில் கொடுக்க மாட்டார்கள்.

இர்பானா இன்னொரு தடவை வந்தாள். கோயில் கூட்டத்திலிருந்து இப்படி விழுந்தவர்களைக் கொண்டுவந்தால், கடைசியாக எப்போது நன்றாகப் பேசினார் என்பதோடு நிறுத்தாமல், கடைசியாக எந்த நேரம் இரண்டு கையாலும் வேலை செய்தார் என்றும் கேட்கச் சொல்லி அவர்கள் ஆராய்ச்சியில் எழுதியிருக்கிறார்களாம். ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் சொல்லித் தரப்போகிறார்களாம். யாராவது ஒருத்தருக்கு உதவும் அக்கா என்றாள். வசந்தா சரி என்றாள். சந்தோஷப்பட்டாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அடுப்பில் பால் இருந்தது, அதைப் பார்க்கப் போய்விட்டாள்.

போன வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. மீனம்பாள் சொம்பைத் தரையில் வைத்தபோது, அவள் கையில் என்ன குஷ்டமா இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். உன் மருமகளுக்குப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததே, உன் பயம் தெளிந்ததே, அது யாரால் தெளிந்தது என்று கேட்டேன். மீனம்பாள் முகம் சுண்டி எழுந்திருக்கப் போனாள். உள்ளேயிருந்து வசந்தா வந்து என் தோளைப் பிடித்தாள்.

"விடு சித்தி. வர்றவங்கள வெரட்டாத."

மீனம்பாள் மறுபடி உட்கார்ந்துகொண்டாள். பவுனம்மாள் அவள் முந்தானையை இடது கையால் பிடித்துவைத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் பேச்சும் சிரிப்பும் திரும்ப ஆரம்பித்தது. நான் எழுந்து உள்ளே போய், வசந்தாவோடு உட்கார்ந்து பாத்திரம் கழுவினேன். அங்கேயிருந்து பார்த்தால் வாசலில் இருப்பவர்களின் முதுகுதான் தெரிகிறது.